கப்பலேறியவருக்கு ஓர் ஏடு

திதி கொடுக்கையில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார்கள். மூன்றாம் பெயருக்கே நம்மில் பலர் தடுமாறுகிறோம். மன்னர்களின் வமிசாவளியைச் செப்பேடுகள் சொல்லும். உழுதவனின் வமிசாவளியைச் சொல்ல ஏடில்லை என்றே நாமும் வகுப்பறையில் பல்லாண்டுகள் கூறிவந்திருக்கிறோம். அக்கூற்றுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்பதை இணையம் காட்டிற்று.

1999இல் தொடங்கப்பட்ட ஃபேமிலி சர்ச் தளம், உலகெங்கும் திரட்டப்பட்ட நுண்படச் சுருள்களை மின்னாக்கம் செய்யும் பெரும்பணியை 2021இல் நிறைவு செய்தது. அதனைப் பயன்படுத்தக் கட்டணமில்லை. எனினும் தமிழர்க்கு நெருக்கமானவை ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களே. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அப்பட்டியல்களை இன்று வீட்டிலிருந்தே எவரும் தேடிப் பார்க்கலாம்.

பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு. ஒருவரைப் பற்றி இவ்வளவும் ஒரே வரியில். அன்பினால் எழுதப்பட்ட வரியன்று அது. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்கான அடையாளக் குறிப்பு. அவர் பாடிய பாட்டோ, விட்டுச் சென்ற கடனோ, கரையில் அழுதவர் யார் என்பதோ அதிலில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் டர்பன் நண்பர் ஒருவர் தம் முன்னோரின் வரியை நமக்கு அனுப்பி, ஊர் எதுவெனக் கேட்டார். ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தவாறே எல்லாம் பதிவாகியிருந்தது. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆனதும் அப்படித்தான். ஒலித்திரிபுகளைப் பின்னோக்கிப் படித்தால் பெயர் பிடிபட்டுவிடும். ஊர்ப்பெயர் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. வட ஆர்க்காட்டில் பொருந்தக்கூடிய ஊர்கள் மூன்று தென்பட்டன. மூன்றையும் எழுதி அனுப்பினோம். "மூன்றுக்கும் வருவேன்" என்று மறுமொழி வந்தது.

சாதிக் கட்டத்தைப் பற்றியும் அவர் கேட்டார். "எங்கள் வீட்டில் எவரும் இதைச் சொன்னதில்லை. இதனை அறிந்து நான் என்ன செய்யவேண்டும்?" அறிந்துகொள்ளுங்கள், சூடிக்கொள்ள வேண்டாம் என்றே எழுதினோம். வந்து இறங்கியதும் எந்தத் தெருவில் யாரைப் போய்க் கேட்பது என்பதை அக்கட்டமே இங்கு முடிவுசெய்யும் என்பதையும் மறைக்கவில்லை.

அந்த ஊரில் அவருக்காக ஏதேனும் ஏடு காத்திருக்குமா? பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது 1969ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய பதிவுகள் ஊருக்கு ஊர் வேறுபடும். நிலமிருந்தவர்க்கு நில ஆவணமேனும் உண்டு. நிலமற்றவர்க்கு அதுவுமில்லை. கடல் கடந்த தமையனின் தழும்புகூட எழுத்தில் நிற்க, ஊரிலேயே உழைத்து மாண்ட தம்பியின் பெயரும் எஞ்சவில்லை.

அத்தம்பியின் வழியினர் நாம். நமக்கான பட்டியலை எந்த அரசும் எழுதி வைக்கவில்லை. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. வரும் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் அருகே அமருங்கள். பாட்டியரின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் தவறாது கேளுங்கள். கேட்டதைத் தமிழிலேயே எழுதுங்கள்.