ஊடையும் ஊடகமும்

ஆரணிக்கு நான் போனது பட்டுப்புடவை வாங்க இல்லை. அதன் விலையைப் பற்றிக் கட்டுரை எழுத. பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

தறியில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். ‘‘சாருக்கு என்ன வேலை?’’

‘‘ஊடகத்துல இருக்கேங்க.’’

‘‘ஊடையிலயா? எந்த ஊர்த் தறி?’’

தறிச் சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை போல என்று சிரித்துவிட்டு, ‘‘ஊடைன்னா என்னங்க?’’ என்றேன். இப்போது அவர் சிரித்தார். நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. அதற்குள் நாடா குறுக்கே புகுந்து ஓடும்போது விட்டுவிட்டுப் போகிற இழைதான் ஊடை. நானோ அதுவரை ‘குறுக்கு நூல்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன்!

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். ‘ஊடு’ என்றால் நடுவே, உள்ளே. அதிலிருந்து வந்தது ஊடை. ‘மீடியா’வுக்குத் தமிழ் தேடியவர்கள் ஊடகம் என்று வைத்ததும் அதே ‘ஊடு’விலிருந்துதான். பெரியவர் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

இன்னும் கேளுங்கள். ஆங்கிலத்தில் நெய்வது ‘வீவ்’, ஊடை ‘வெஃப்ட்’, நெய்தது ‘வெப்’. மூன்றுமே பழைய ஜெர்மானிய வேர் ஒன்றில் முளைத்தவை. சிலந்தி வலைக்கும் அதே ‘வெப்’தான், இணையத்துக்கும் அதுவே வந்து ஒட்டிக்கொண்டது. ‘டெக்ஸ்ட்’ என்ற சொல்லும் நெய்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்ததே. நமக்கோ இழையும் நூல், புத்தகமும் நூல்! எழுதிப் பிழைக்கிற எல்லோரும் தறிக்காரரிடம் சொல் கடன் வாங்கியிருக்கிறோம். எந்தப் பேரேட்டிலும் அந்தக் கடன் ஏறவில்லை.

பெரியவரின் மகன் சென்னையில் வெப் டிசைனர். ‘‘அவனுக்குத் தறியில உக்காரவே தெரியாது சார்’’ என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு புடவைக்கு எத்தனை நாள், என்ன கூலி என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் சொன்னார். அந்தக் கணக்கில் என் பி.காம். மூளையால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. மகன் போனது சரிதான். ஆனால், அவரோடு அந்தத் தறி நின்றால், ஊடை என்ற சொல்லை எந்த வீட்டில் போய்க் கேட்பது?

கட்டுரையில் ‘குறுக்கு நூலை’ அடித்துவிட்டு ‘ஊடை’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், ‘‘யாருக்கு சார் புரியும்?’’

‘‘ஊடகம் புரியுதில்ல?’’ என்றேன்.