கயிற்றின் மறுமுனை

திருவாரூர் வீதியில் துள்ளி ஓடிய கன்று ஒன்று இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டு மடிந்தது. மனுநீதிச் சோழன் கன்றின்மேல் பழி கூறவில்லை. தேரேறிச் சென்ற தன் மகனே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தான் என்கிறது பழங்கதை. சாலையின் விதியை விலங்கு அறியாது. அறிந்த மனிதரே அதனைக் காத்தல் வேண்டும்.

கொல்கத்தாவில் தமிழர் பலர் வாழும் லேக் மார்க்கெட்டை ஒட்டிய ராஷ்பிகாரி அவென்யூவில் பேருந்துகளும் ஆட்டோக்களும் இடைவிடாது செல்கின்றன. எதிர்ப்புறம் பூனையைக் கண்ட நாய், வாகனங்களைப் பாராமல் பாயும். ஆகவே, வீட்டுக் கதவைத் திறக்குமுன்னரே அதன் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டுதல் வேண்டும்.

அதனையும் மீறி அடிபட்டால் என் செய்வது? வலியால் துடிக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கக்கூடும். அக்கடியில் பகை இல்லை, அச்சமே உண்டு. எனவே, சிறுவர் அதனைத் தொடாமல் பெரியவரை அழைத்தல் வேண்டும். பெரியவர் குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்தி, நாயைப் பலகையில் கிடத்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வர். வெளியே காயம் தெரியாவிடினும் உள்ளே குருதி கசிந்திருக்கலாம்.

இந்நகரில்தான் 1861ஆம் ஆண்டில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெல்காச்சியாவில் 1893ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது.

மருத்துவம் முடிந்து வீடு திரும்பிய நாய்க்கு ஓய்வும் பழகிய குரலும் தேவை. காலொன்றை இழந்த நாயும் மூன்று கால்களால் நடக்கப் பழகிவிடும். அது மீண்டும் வாசலை நோக்கி வாலாட்டும் நாளில், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் முன்னிலும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.