டவர் கிடைக்காத கடல்!

உங்க வீட்டுல நாலு வயசுல ஒரு வாண்டு இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? அக்கா பொண்ணு, அண்ணன் பையன்... யாரா இருந்தாலும் சரி. ஃபேமிலி டூர்னு பேச்சு எடுத்தாலே, அந்த வாண்டுக்குப் பொறுப்பு யார் தெரியுமா? காலேஜ் படிக்கிற நீங்கதான்! 'உனக்குத்தான் லீவாச்சே'னு உங்க இடுப்புல ஏத்தி விட்டுட்டு மத்தவங்க ஹாயா நடப்பாங்க. அதனால, இது அப்பா அம்மாக்களுக்கான கட்டுரை இல்லை. சித்தி, சித்தப்பா, மாமா, அத்தையாகிய உங்களுக்கானது!

நான் அனுப்பர்பாளையத்துக்காரி. திருப்பூர்னா உங்களுக்கு பனியன்தான் ஞாபகம் வரும். எங்க ஏரியா பாத்திரத்துக்குப் பேர் போனது. பித்தளை, செம்பு, எவர்சில்வர்னு தட்டுற சத்தத்துலதான் எங்களுக்குப் பொழுதே விடியும். எங்க அப்பா பாத்திரப் பட்டறை ஆளு. அக்காவைக் கட்டின மாமா, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைச்சுக் கொடுக்கிற பவர் டேபிள் வெச்சிருக்கார். ஒரே வீட்டுக்குள்ள ஊரோட ரெண்டு தொழிலும்!

2022 ஜூன் 4-ம் தேதி, சென்னைத் துறைமுகத்துல 'கார்டீலியா' சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கி வெச்சார். அதை டி.வி-யில பார்த்த அக்காவுக்கு ஆசை வந்துடுச்சு. கையில சீட்டுப் பணம் இருந்துச்சு. 'ரெண்டு ராத்திரி கடல்ல சுத்திட்டு வர்றோம், சித்தியும் வரட்டும்'னு முடிவு பண்ணிட்டா.

வீட்டுல ஒரே ரகளை! திருப்பூருக்கு அது மோசமான வருஷம். நூல் விலை ஏறிக்கிட்டே போனதைக் கண்டிச்சு மே 16, 17 தேதிகள்ல கம்பெனிகள் கதவடைப்பு நடத்தியிருந்தாங்க. மாமா யூனிட்டுல பாதி மெஷின் சும்மா கிடந்துச்சு. "நாலு வயசுப் புள்ளைக்கு என்ன கண்ணு ஞாபகம் இருக்கப் போவுது? அந்தக் காசுக்கு அவ பேர்ல தங்கம் எடுத்து வெச்சாலும் ஆவும்"னு எங்க அம்மா ஒரே பிடி.

அம்மா சொன்னதை அவ்வளவு சுலபமா தள்ள முடியாது பாஸ். பெரியவங்க பலருக்கும் முதல் ஞாபகம்னு ஒண்ணு மிஞ்சுறதே மூணு, நாலு வயசுக்கு அப்புறம்தான்னு மனநல ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதுக்கு முந்தினது எல்லாம் அழிஞ்சுடுது. எங்க பாப்பா சரியா அந்த எல்லைக் கோட்டுல நிக்கிற ஆளு. அப்போ காசைக் கடல்ல போடுறோமா? இந்தக் கேள்விக்குக் கடைசியில வர்றேன். முதல்ல உங்களுக்கு உருப்படியா நாலு விஷயம்.

ஒண்ணு, வயசு. உலகத்தோட பெரிய கப்பல் கம்பெனிகள் பலதுல, 'கிட்ஸ் கிளப்'ல தனியா விட குழந்தைக்கு மூணு வயசு முடிஞ்சிருக்கணும், டயப்பர் பழக்கம் விட்டிருக்கணும். புக் பண்றதுக்கு முன்னாடியே உங்க கப்பலோட விதியைக் கேட்டு வெச்சுக்குங்க. இல்லேன்னா அந்த கிட்ஸ் கிளப்பே நீங்கதான்!

ரெண்டு, வாந்தி. ரெண்டு வயசுலேர்ந்து பன்னிரண்டு வயசு வரைக்கும்தான் குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அதிகம். ஆனா, 'தலை சுத்துது'னு அதுகளுக்குச் சொல்லத் தெரியாது. முகம் வெளுக்கும், கொட்டாவி விடும், 'வயிறு வலிக்குது'னு சிணுங்கும். கப்பலோட நடுப்பகுதியில, கீழ் தளத்துல ரூம் எடுத்தா ஆட்டம் குறைச்சலா தெரியும். டெக்குக்குத் தூக்கிட்டுப் போய் தொடுவானத்தைப் பார்க்க வைக்கலாம். மாத்திரை வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க. பெரியவங்க மாத்திரையைப் பாதியா உடைச்சுக் கொடுக்கிற வேலை வேணவே வேணாம்.

மூணு, சங்கு. அவசர காலம்னா கப்பல்ல ஏழு தடவை சின்னதா, ஒரு தடவை நீளமா சங்கு ஊதும். கிளம்புறப்போ அதைப் பயிற்சியாவும் ஊதுவாங்க. 2012 ஜனவரியில இத்தாலியில 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில மோதிக் கவிழ்ந்தப்போ, அன்னைக்குத்தான் ஏறின பயணிகள் பலருக்கு இந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. அதுக்கப்புறம் விதியை இறுக்கி, கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சி நடந்தே ஆகணும்னு ஆக்கிட்டாங்க. 2015-லேர்ந்து இதுதான் நடைமுறை. பயணிகள் எண்ணிக்கையில குறைஞ்சது 10 சதவிகிதம் அளவுக்குக் குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் இருக்கணும்னும் சர்வதேச விதி இருக்கு. ரூமுக்குப் போனதும் உங்க வாண்டு சைஸுக்கு ஜாக்கெட் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா கூச்சப்படாம கேட்டு வாங்குங்க.

அந்தச் சத்தத்துக்குப் பாப்பா மிரளக் கூடாதுன்னு ஒரு வாரம் வீட்டுலயே விளையாட்டு காட்டினேன். "பூம், பூம்னு ஏழு சின்னது, பூ...ம்னு ஒண்ணு பெருசு!" கப்பல்ல நிஜமா ஊதினப்போ பக்கத்துல ரெண்டு குழந்தைங்க வீல்னு அழுதுச்சு. எங்க ஆளு விரல் மடக்கி எண்ணிட்டு இருந்தா!

நாலு, குழந்தையோட கேள்விக்குப் பதில். "இரும்புக் கப்பல் எப்படி முழுகாம இருக்கு?"னு கேட்டாளே பார்க்கலாம். நான் ஆர்க்கிமிடிஸை இழுத்தேன். அவ முறைச்சா. அப்பா அமைதியா ஒரு துண்டுப் பித்தளைத் தகடை எடுத்து அண்டாத் தண்ணியில போட்டார், முழுகிடுச்சு. அதே தகடுல தட்டின குண்டாவை வெச்சார், ஜம்முனு மிதந்துச்சு. "குழியாத் தட்டினா அது நிறையத் தண்ணியைத் தள்ளும் சாமி. தள்ளுன தண்ணி இதைத் தாங்கிக்கும்"னார். "அப்போ கப்பல்னா பெரிய குண்டாவா அப்புச்சி?" ஆமாம்ல! தமிழ்ல பாத்திரமும் கலம், கப்பலும் கலம். அனுப்பர்பாளையத்துக்காரி எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

ஜூலையில சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போனோம். கப்பல் பேரு 'எம்ப்ரஸ்'. 1990-ல பிரான்ஸ்ல கட்டினது. நீளம் 211 மீட்டர். நம்ம சேரன் எக்ஸ்பிரஸ் பெட்டிகள் ஒன்பதை வரிசையா நிறுத்தின மாதிரி! தென்மேற்குப் பருவமழையில அரபிக் கடல் கொந்தளிக்கும். அந்த மாசங்கள்ல இந்தப் பக்கம் ஓட்டினாங்க.

உள்ளே போனா நீச்சல் குளம், மேஜிக் ஷோ, பஃபேன்னு அமர்க்களம். பாப்பாவுக்கு எதுவுமே பெருசாத் தெரியலை. லிஃப்ட் பட்டனும், மாடிப்படியும், வட்ட ஜன்னலும்தான் அவ உலகம். மேஜிக் ஷோவுல பத்தாவது நிமிஷம் தூங்கிட்டா. காசு கொடுத்ததை எல்லாம் பார்த்தே தீரணும்னு குழந்தையை இழுத்துட்டு ஓடாதீங்க. மத்தியானத் தூக்கம் போச்சுன்னா சாயங்காலம் மொத்த டெக்கும் உங்களைத்தான் பார்க்கும்!

இப்போ மாமா விஷயத்துக்கு வர்றேன். பாப்பா எந்திரிக்கிறதுக்கு முன்னாடி யூனிட்டுக்குப் போவார், அவ தூங்கினதும் வருவார். சனிக்கிழமை சம்பளம் போடுற ராத்திரின்னா கேட்கவே வேணாம். எங்க பாப்பா அகராதியில அப்பான்னா ஞாயித்துக்கிழமை. வீட்டுல இருக்கிற அந்த ஒரு நாளும் காதுல செல்போன். "பீஸ் எப்போ வரும், செக்கிங் முடிஞ்சுதா?"

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போயிடுச்சு. மாமா டெக்குல செல்லைத் தூக்கிப் பிடிச்சுட்டு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தார். சாட்டிலைட் இணையத்துக்குத் தனிக் காசு. 'அதெல்லாம் ஒண்ணும் வேணாம்'னு அக்கா ஒரே போடு. மறுநாள் காலையில மாமாவுக்குப் போக இடமும் இல்லை, பேச ஆளும் இல்லை. பாப்பா வந்து கையைப் பிடிச்சா. "அப்பா, இன்னைக்கு சண்டேவா?"

அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை.

மாமா எதுவும் சொல்லலை. அவளைத் தூக்கிட்டுப் படி எண்ணப் போயிட்டார். அன்னைக்கு முழுக்க என் இடுப்புக்கு லீவு!

சரி, அம்மா கேள்விக்கு வருவோம். என்ன ஞாபகம் இருக்கு? போன மாசம் பாப்பாகிட்ட கேட்டேன். நீச்சல் குளம் ஞாபகம் இல்லை. மேஜிக் ஷோவா, அப்படி ஒண்ணு நடந்துச்சான்னு என்னையே திருப்பிக் கேட்டா. "ஏழு சின்னது, ஒண்ணு பெருசு"ங்கிறது மட்டும் இருக்கு. அதுவும் நாங்க அடிக்கடி சொல்றதால இருக்கலாம். அம்மா கணக்கு பெரும்பாலும் சரிதான்.

ஆனா, மாமாவுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு. எத்தனை படி எண்ணினாங்க, எந்தப் படியில அவ உட்கார்ந்துட்டா, என்ன கேட்டா... எல்லாம். வாழ்க்கையே மாறிடுச்சுன்னு கதை விட மாட்டேன். சனிக்கிழமை ராத்திரி இன்னும் அப்படியேதான். ஆனா, தினமும் காலையில பாப்பாவை ஸ்கூல் வேன்ல ஏத்தி விடுறது இப்போ அவர்தான். அந்தச் சீட்டுப் பணம் பாப்பாவுக்காகப் போச்சுன்னு நாங்க எல்லாம் நினைச்சோம். அது மாமாவுக்காகப் போன காசு ஃப்ரெண்ட்ஸ்!

இதுக்கு சொகுசுக் கப்பல்தான் வேணுமான்னு கேட்டா, கட்டாயம் இல்லை. நம்ம பக்கத்துலேர்ந்து எர்ணாகுளத்துக்கு நேரா ரயில் இருக்கு. 2023 ஏப்ரல்ல கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கினப்போ குறைஞ்ச கட்டணம் 20 ரூபாய்தான். வாண்டுக்குத் தண்ணி ஒத்துக்குதான்னு பார்க்க அது ஒரு நல்ல ஒத்திகை. என்ன, அங்கே டவர் நல்லாவே கிடைக்கும். அதனால கிளம்புறப்போ ஒரே ஒரு கண்டிஷன் போடுங்க. வீட்டுல ரொம்ப பிஸியான அந்த ஒரு ஆள் கண்டிப்பா கூட வரணும், அவர் செல்போன் உங்க பையில இருக்கணும்.

வாண்டை அவர் இடுப்புல ஏத்தி விடுங்க பாஸ்!