ஐயாவின் வீசாவும் நான் எழுதிய கடிதமும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். இக்காலத்தில் மற்றவர்களுக்காக நான் எழுதிக்கொடுத்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்மார், காணியை விடுவிக்கக் கோருவோர், இடமாற்றம் வேண்டும் ஆசிரியர்கள் என்று எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்திருக்கிறார்கள். அக்கடிதங்களிற் சில பலித்தன, பல பலிக்கவில்லை. ஆனால் என் சொந்தப் பெற்றோருக்காக நான் எழுதிய ஒரேயொரு கடிதம் அவர்களைக் கவிழ்த்துவிட்டது. இதே சிக்கலோடு இப்போது பலர் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதிலும் பார்க்க எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

என் தங்கை 1998 இல் திருமணமாகிக் கனடா சென்றவள். ஸ்காபரோவில் இருக்கிறாள். மூன்று தடவை ஊருக்கு வந்து போனாள். கடைசியாக வந்தது 2017 இல். 2022 இல் அவளுடைய கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கிழமைக்கு மூன்று நாட்கள் டயாலிசிஸ். அதன்பின் அவளால் வீட்டைவிட்டு அசைய முடியவில்லை. பிள்ளை வரமுடியாது என்பது உறுதியானதும் அம்மா ஒரு நாள் சொன்னார்: "அப்ப நாங்கள்தான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரவேணும்." அப்போது ஐயாவுக்கு 82 வயது, அம்மாவுக்கு 77. இணுவிலில் தங்கள் வீட்டில் தனியே இருக்கிறார்கள். ஐயா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்.

2023 இல் சாதாரண வருகையாளர் வீசாவுக்கு விண்ணப்பித்தோம். வங்கிப் புத்தகம், ஓய்வூதிய விபரம், வீட்டு உறுதியின் பிரதி, அவற்றின் மொழிபெயர்ப்புகள், தங்கையின் அழைப்புக் கடிதம், அவளுடைய வேலைத்தலக் கடிதம் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு. 79 வயதைக் கடந்தவர்களிடம் கனடா கைரேகை கேட்பதில்லை. ஆகவே ஐயா தப்பினார், அம்மா தப்பவில்லை. இரவுப் பேருந்தில் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் என் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு விண்ணப்ப நிலையத்துக்குப் போனோம். தேங்காய் துருவியும் சாம்பல் போட்டுச் சட்டி மினுக்கியும் தேய்ந்த விரல்கள். இயந்திரம் அவற்றை ஏற்க மறுத்தது. அங்கிருந்த பெண்பிள்ளை ஈரத்துணியால் ஒவ்வொரு விரலையும் துடைத்துவிட்டு, "அம்மா, இன்னொருக்கா அழுத்துங்கோ" என்று நான்கு தடவை பொறுமையாகச் சொன்னாள். வெளியே வந்ததும் அம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மறுப்பு மின்னஞ்சலில் வந்தது. இருவருக்கும் விண்ணப்பக் கட்டணம் 200 டொலர், அம்மாவின் கைரேகைக்கு 85 டொலர். இவை திரும்ப வருவதில்லை. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 179 (ஆ) பிரிவின்படி, அனுமதிக்கப்பட்ட காலத்தின் முடிவில் கனடாவைவிட்டு வெளியேறுவார்கள் என்று அலுவலர் திருப்திப்படவில்லை என்பதே சாரம். கீழே, குடும்பப் பிணைப்புகள் ஒரு காரணம், பயணத்தின் நோக்கம் இன்னொரு காரணம்.

தொலைபேசியில் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப நான் பொய் சொல்லிறன் எண்டோ எழுதியிருக்கிறாங்கள்?" என்று கேட்டார். இல்லை ஐயா, நம்பவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். "ரெண்டும் ஒண்டுதானே தம்பி" என்றார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நின்ற மனிதர். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வழக்குப் போடலாம் என்று முதலில் எண்ணினேன். வருகையாளர் வீசா மறுப்புக்கு மேன்முறையீடு கிடையாது. கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவென்றால் 60 நாட்களுக்குள் அந்நாட்டின் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதி மீளாய்வுக்கு அனுமதி கோரலாம். வென்றாலும் நீதிமன்றம் வீசா தராது. வேறோர் அலுவலர் மீண்டும் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டுபேர் பலமுறை புதிதாக விண்ணப்பிக்கலாம். வேறு சிலர் 'சூப்பர் வீசா' எடுக்கச் சொன்னார்கள். பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் 2011 டிசம்பரில் தொடங்கப்பட்ட திட்டம் அது. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். மருத்துவப் பரிசோதனை, பிள்ளையின் வருமான எல்லை, குறைந்தது 100,000 டொலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதி என்பன வேண்டும். ஆறு கிழமை நின்றுவிட்டு வருகிறேன் என்பவரை நம்பாத இடத்தில் ஐந்து ஆண்டு வீசாவுக்குப் போகச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது. திரும்பி வருவீர்கள் என்று காட்டவேண்டிய கடப்பாடு அதிலும் இருக்கிறது. அந்த வயதுக்குக் காப்புறுதிச் செலவைக் கேட்டுத் தங்கை மலைத்துப்போனாள்.

அப்போதுதான் தங்கையின் அயலவர் ஒருவர் சொன்னார், முதலில் அலுவலர் எழுதிய குறிப்புகளை எடுத்துப் பாருங்கள் என்று. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் 5 டொலர் கட்டி, கனடாவில் இருக்கும் ஒருவர் அவற்றைக் கோரலாம். (2025 ஜூலை முதல் சில மறுப்புக் கடிதங்களுடன் அக்குறிப்புகளையே சேர்த்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.) தங்கை கோரினாள். ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றது.

குறிப்புகள் வந்தன. நாலைந்து வரிகள்தாம். அவற்றில் ஒரு வரி என்னுடையது.

விண்ணப்பத்துடன் நானும் ஒரு கடிதம் இணைத்திருந்தேன். நல்ல ஆங்கிலத்தில், இரண்டு இரவுகள் விழித்திருந்து எழுதியது. முதுமையின் இந்த இறுதிக் காலத்தில் மகளின் அருகாமையைத் தவிர இவர்களுக்கு வேறு ஆறுதல் இல்லை என்றும், நோயுற்ற மருமகனின் குடும்பத்துக்கு இவர்களே ஊன்றுகோல் என்றும் எழுதியிருந்தேன். வாசிப்பவர் கண் கலங்கவேண்டும் என்பதே என் நோக்கம். அலுவலர் கலங்கவில்லை, அந்த இரண்டு கருத்துகளையும் எடுத்து, மறுப்புக்குக் காரணமாகப் போட்டிருந்தார். போதாக்குறைக்கு, கடிதத்துக்குக் கனம் வரட்டும் என்று பத்திரிகையாளன் என்ற பதவியோடு கையொப்பமிட்டிருந்தேன். நான் அவர்களின் மகன், இதே நாட்டில் மனைவி பிள்ளைகளோடு வாழ்கிறேன் என்பதை அதில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. படிவத்தின் ஒரு வரியில் என் பெயர் இருந்தது உண்மை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யார்தான் என்ன விளங்கிக்கொள்வது?

அந்த அலுவலரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த விதியின் போக்கு எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. போகவேண்டிய தேவை எவ்வளவுக்கு உண்மையானதோ, திரும்பமாட்டார்கள் என்ற சந்தேகமும் அவ்வளவுக்குக் கூடுகிறது. சும்மா ஊர் பார்க்கப் போகிறேன் என்பவரிலும் பார்க்க, நோயாளியைப் பார்க்கப் போகும் தாய்க்கு அது கடினமாகிறது.

இதை ஐயாவிடம் சொல்லாமலே விட்டுவிட நினைத்தேன். மனம் கேட்கவில்லை. அடுத்த மாதம் இணுவிலுக்குப் போனபோது கடிதத்தையும் குறிப்புகளையும் விறாந்தையில் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சை விடைத்தாள் திருத்தும் அதே முகத்தோடு முழுவதையும் வாசித்தார்.

"உன்ர எழுத்து நல்லாத்தான் இருக்கு. கேட்ட கேள்விக்குத்தான் விடை இல்லை."

நான் பேசாமலிருந்தேன்.

"ஏன் போறாய் எண்டு அவங்கள் கேக்கேல்லை. ஏன் திரும்பி வருவாய் எண்டுதான் கேட்டிருக்கிறாங்கள். 95 இல இடம்பெயர்ந்து கொடிகாமத்தில ஆறு மாசம் கிடந்தனாங்கள். வன்னிக்கு வாங்கோ எண்டு சனம் கூப்பிட்டது. கொழும்புக்கு வாங்கோ எண்டு நீயும் சொன்னனீ. நான் எங்கை வந்தனான்?"

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போனது. அடுத்த ஆண்டு சித்திரையில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்தபோது, திரும்பலாம் என்றதும் முதலில் திரும்பியவர்களுள் ஐயாவும் ஒருவர். கூரையில் ஓடு இல்லை, கிணற்றில் குப்பை. அந்த வீட்டுக்குத்தான் வந்தார். உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து, 1996 இல் இணுவிலில் மீண்டும் பதிந்த குடும்ப அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். ஓரங்கள் கறையான் அரித்திருந்தன.

இரண்டாவது கடிதத்தை ஐயா தமிழில் சொல்ல நான் எழுதினேன். அழகு எதுவும் சேர்க்க விடவில்லை. மே, ஜூன் மாதங்களில் ஆறு கிழமை நிற்பேன். மருமகனைப் பராமரிக்க மகளும் வளர்ந்த பேரனும் இருக்கிறார்கள். நாங்கள் பார்க்கத்தான் போகிறோம். என் மகன் கொழும்பில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருகிறான். ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் நான் உயிரோடிருப்பதை இங்கு உறுதிப்படுத்தவேண்டும். 1996 இல் திரும்பி வந்தேன், அட்டையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. முடிவில், முன்னர் ஒரு தடவை மறுக்கப்பட்டதையும் மறைக்காமல் சொன்னார். வைத்தியசாலையின் சிகிச்சை அட்டவணையையும் பேரனின் கடிதத்தையும் தங்கை அனுப்பினாள். கைரேகை பத்தாண்டுகளுக்குச் செல்லும் என்பதால் அம்மாவின் விரல்களுக்கு இம்முறை வேலை இருக்கவில்லை. நான் மகன் என்றே கையொப்பமிட்டேன்.

2024 பங்குனியில் வீசா கிடைத்தது. எது பலித்தது, குடும்ப அட்டையா, பேரனின் கடிதமா, அல்லது வேறொருவரின் பார்வையா என்று எனக்குத் தெரியாது. மே மாதம் சக்கர நாற்காலிகளில் வைத்து இருவரையும் அனுப்பிவைத்தோம். டயாலிசிஸ் நாட்களில் ஐயாவும் மருமகனோடு போய், நான்கு மணித்தியாலமும் பக்கத்திலிருந்து பத்திரிகை வாசித்துக் காட்டினாராம். அம்மா முருங்கையிலை கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சொன்ன நாளிலேயே திரும்பினார்கள். கட்டுநாயக்காவில் வெளியே வந்ததும், பயணப்பையை என்னிடம் தருமுன் ஐயா கடவுச்சீட்டைத் தந்தார்.

"வந்த திகதி குத்தியிருக்கோ எண்டு பார். ஒரு படம் எடுத்து வை. பாஸ்போட் முடியிறதோட வீசாவும் முடியுது. அடுத்தமுறைக்கு உதவும்."