கோடை நீச்சலும் தோள் வலியும்

சித்திரை பிறந்து வெயில் ஏற ஆரம்பித்துவிட்டால், நம் ஜனங்களுக்குத் தண்ணீரின்மேல் உண்டாகும் பிரேமைக்கு அளவே கிடையாது. கிராமத்தில் கிணற்றுக்குள் இறங்கிய பையன்களை வெளியே கொண்டுவரப் பிரம்புடன் போக வேண்டியிருக்கிறது. பட்டணத்திலோ பணம் கட்டி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று குளத்தில் இறங்குகிறார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இளைஞர்கள் நீண்ட பலகையின்மேல் ஏறி நின்று அலையில் சவாரி செய்கிறார்கள். இதையெல்லாம் பார்க்க நமக்குப் பரம சந்தோஷம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த தேசத்தில் பிறந்தவர்கள் நீந்தத் தெரியாமல் இருப்பதைப் போன்ற வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

ஆனால் தண்ணீரில் மூழ்குவதற்கு மட்டும் பயப்பட்டால் போதும் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். தோளும் முழங்காலும் படும் பாட்டை யாரும் நினைப்பதில்லை.

நம் தமக்கையின் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. சென்ற கோடையில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டே வாரத்தில் மீன்குஞ்சைப்போல் நீந்தத் தொடங்கினாள். மிஹிர் சென் 1966-ஆம் வருஷம் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை கடலை நீந்திக் கடந்த செய்தியைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, தானும் ஒரு நாள் அப்படிக் கடக்கப் போவதாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். மே மாத மத்தியில் ஒரு விஷயம் நம் கண்ணில் பட்டது. தினம் தானே தலை பின்னிக்கொள்ளும் பெண், தாயாரைக் கூப்பிட்டுப் பின்னிவிடச் சொன்னாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்த டப்பாவை எடுக்க இடது கையை நீட்டினாள்; அவள் வலது கைக்காரி. தனியாக அழைத்துக் கேட்டோம். "மாமா, பத்து நாளாக வலிக்கிறது. பாட்டியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நாளையிலிருந்து குளத்துக்கே அனுப்ப மாட்டார்கள்" என்றாள்.

பாட்டி, அதாவது நம் தாயார், விஷயம் தெரிந்ததும் அப்படியேதான் தீர்ப்புச் சொன்னார். குளத்தில் சொல்லிக் கொடுத்தவரோ, "வலியைப் பார்த்தால் வீராங்கனை ஆக முடியாது" என்றார். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஒரு குழந்தை பத்து நாள் வலியை விழுங்கிக் கொண்டிருந்திருக்கிறது. நமக்குக் கவலை தந்தது வலியைக் காட்டிலும் அந்த மௌனந்தான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள குளத்தை ஒருமுறை கடக்கச் சுமார் 20 கைவீச்சு வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாற்பது முறை கடந்தால் ஒரு கிலோமீட்டர். அதற்குள் 800 கைவீச்சு. ஒரு கைக்கு 400. வாரத்தில் ஆறு நாள் என்றால் ஒவ்வொரு தோளும் 2,400 தடவை தலைக்குமேல் சுழல்கிறது. பங்குனி மாதம்வரை புத்தகப் பையைத் தவிர வேறு பாரம் அறியாத தோள் அது.

தோளின் அமைப்பையும் பாருங்கள். இடுப்பு மூட்டு உரலுக்குள் உலக்கை இருப்பதுபோல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தோள் மூட்டோ சிறிய தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழத்தைப் போன்றது. குழி ஆழமில்லாததனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பழம் தட்டிலிருந்து உருண்டுவிடாமல் காப்பவை அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகள். அவை களைத்துப்போனால் எலும்பின் தலை சற்று இடம் பிசகுகிறது. தசைநார் உராய்ந்து புண்படுகிறது. 1974-ஆம் வருஷம் கானடா தேசத்து டாக்டர்களான கென்னடியும் ஹாக்கின்ஸும் இதற்கு 'நீச்சல்காரர் தோள்' என்றே பெயர் கொடுத்து எழுதினார்கள்.

நாம் பார்த்த எலும்பு வைத்தியர் பொறுமைசாலி. பெண்ணின் கையைப் பல விதமாகத் தூக்கிப் பார்த்தார். "நீச்சலை நிறுத்த வேண்டாம், தூரத்தைப் பாதியாக்குங்கள்" என்றார். உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் பலகையைத் தூர வைக்கச் சொன்னார். தோள் ஓயட்டும் என்று மிதவைப் பலகையை எட்டிப் பிடித்துக்கொண்டு காலால் மட்டும் நீந்துகிறார்களே, அதுவும் தோளுக்கு ஆகாதாம். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக் கொள்ள வேண்டுமாம். கை நீரில் விழும்போது தலைக்கு நேரான நடுக்கோட்டைத் தாண்டலாகாது. உடம்பும் பக்கவாட்டில் உருள வேண்டும். மூச்சை ஒரே பக்கம் வாங்காமல் இரு பக்கமும் வாங்கப் பழக வேண்டும். இத்துடன், தோள்பட்டைத் தசைகள் வலுப்பெற ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. ஆறு வாரத்தில் பெண் மறுபடி தானே தலை பின்னிக்கொண்டாள்.

முழங்காலைப் பற்றி நம் அனுபவமே பேசும். ஐம்பது வயதுக்குமேல் தவளை நீச்சல் கற்றுக்கொண்டோம். ஒரு மாதத்தில் முழங்காலின் உட்புறத்தில் வலி கண்டது. முழங்கால் கதவுக் கீலைப்போல் மடக்கி நீட்டுவதற்கே முக்கியமாக ஏற்பட்டது. தவளை உதைப்பிலோ கால் வெளிப்புறமாகத் திரும்பி வீசுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் உட்புறத்து நார் இழுபடுகிறது. முழங்கால்களை மிக அகலமாகவும் விரிக்கலாகாது, மிக நெருக்கியும் வைக்கலாகாது என்று பிற்பாடு அறிந்தோம். இப்போது தவளை நீச்சலைக் கொஞ்சமும் மல்லாந்த நீச்சலை மிகுதியுமாக வைத்துக் கொண்டிருக்கிறோம்.

இவை மெல்ல வரும் தீங்குகள். திடீரென்று வருபவை வேறு. கிணற்று மேட்டிலிருந்து குதிக்கும்போது கை பின்னுக்கு வீசப்பட்டாலும், அலை பலகையைப் புரட்டிவிட்டாலும், தோள் எலும்பு குழியைவிட்டு நழுவிவிடலாம். பெரும்பாலும் முன்பக்கமாகவே நழுவுகிறது. நழுவிய தோளைத் திரும்ப ஏற்றும் முறைகளை இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்து ஹிப்பாக்ரட்டீஸின் நூல்கள் விவரித்தன. அடிக்கடி நழுவும் தோளுக்கு அக்குளில் காய்ச்சிய இரும்பால் சூடு போடவும் சொல்லின! இன்று அவ்வளவு பயங்கரம் இல்லை. ஆனாலும் கிணற்றடியில் நாலு பேர் கூடிக் கையைப் பிடித்து இழுப்பது அதற்குக் குறைந்த பயங்கரமல்ல. அக்குள் வழியே நரம்பும் இரத்தக் குழாயும் செல்கின்றன, எலும்பு முறிந்துமிருக்கலாம். துண்டால் கையைத் தூளி கட்டி, அசையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதே சரி. இளவயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடியும் நழுவுவது சகஜம். ஆகையால் பின்னால் செய்ய வேண்டிய பயிற்சியை அலட்சியம் செய்யக் கூடாது.

பாசிப் படியில் வழுக்கி முழங்கால் முறுக்கிக் கொண்டு, இரண்டொரு மணி நேரத்திலேயே வீங்கிவிட்டால், உள்ளே நார் அறுந்து இரத்தம் கட்டியிருக்கலாம். அதன்மேல் சுடச்சுட எண்ணெய் வைத்து நீவுவது நம் வீடுகளின் வழக்கம். தயவு செய்து வேண்டாம். முதல் இரண்டு நாள் ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிஷத்துக்கு மேற்படாமல் அவ்வப்போது வைப்பதுமே நல்லது. கூடவே டாக்டரிடமும் காட்டிவிட வேண்டும்.

வருகிற கோடையிலும் நம் குழந்தைகள் தண்ணீரில் இறங்கட்டும். பெண் குழந்தைகள் அவசியம் இறங்கட்டும். பெற்றோரிடம் நாம் வேண்டிக் கொள்வது ஒன்றுதான். 'நிறுத்திவிடு' என்பதும் 'பொறுத்துக்கொள்' என்பதும் தவிர, 'எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, சொல்லு' என்று மூன்றாவதாக ஒரு வார்த்தை வீட்டில் புழங்க வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டுப் பழகிய குழந்தை, வலி வந்த அன்றைக்கே ஓடிவந்து சொல்லிவிடும்.