நேற்றிரவு ஊறப்போட்ட பயறு

மாத்தளை மாவட்டத்தின் எல்க்கடுவ மலைச்சரிவில் ஒரு லயம். விடிய இன்னும் நேரமிருக்கிறது. ஐந்து மணிக்கெல்லாம் எல்லாக் காம்பராக்களிலும் அடுப்புப் புகை கிளம்பிவிடும். ரொட்டிக்கு மா பிசைய வேண்டும். மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டும். பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும். பள்ளிக்கூடம் போகும் மூத்தவளுக்குத் தலை பின்ன வேண்டும். கடைசியாக, மூன்று வயதுச் சின்னவனை எழுப்பி, முகம் கழுவி, கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்து, பிள்ளைக்காம்பராவில் இறக்கிவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அன்றைய பேர் அரைப் பேராகி, கூலி பாதியாகிவிடலாம்.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி கேட்கிறார்: "தம்பி காலையில என்ன சாப்பிட்டாரு?"

"சாயத்தண்ணியும் பிஸ்கட்டும் மிஸ்ஸி."

அந்தத் தாய்க்கு விஷயம் தெரியாமல் இல்லை. முட்டை நல்லது, கீரை நல்லது, பயறு நல்லது என்று அவளுக்கு எத்தனை தரம் சொல்லியாயிற்று. பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறை ஏறும் கோடு எந்த நிறப்பட்டைக்குள் போகிறது என்பதையும் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவாள். அவளிடம் இல்லாதது காலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இன்னொரு அரை மணி நேரம். சின்னப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் சத்துப் பட்டியலில் தொடங்குவது வழக்கம். மாத்தளைத் தோட்டங்களில் அந்தப் பேச்சைக் கடிகாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த அரை மணி நேரத்தின் விலை எண்களிலும் தெரிகிறது. 2016 ஆம் ஆண்டின் குடிசனவியல், சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 32. இதற்குக் காலைச் சாப்பாடு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. தாயின் இரத்தச்சோகை, குறைந்த பிறப்பு நிறை, குடிதண்ணீர், அடிக்கடி வரும் வயிற்றோட்டம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் தாய் தன் கையால் மாற்றிப் பார்க்கக்கூடியது அந்த ஒருவேளைத் தட்டுத்தான்.

இத்தனைக்கும் மாத்தளை பஞ்சம் பிடித்த மாவட்டம் இல்லை. தெற்கே உக்குவெல, ரத்தோட்டைப் பக்கம் தேயிலை, மிளகு, கொக்கோ, சாதிக்காய். வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பக்கம் உலர்வலயம். சேனைகளில் குரக்கன், பாசிப்பயறு, சோளம், கௌபி, வயல்களில் பெரிய வெங்காயம். மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர் போனால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம். 1999 இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தைக்கு நாட்டின் பல பக்கத்திலிருந்தும் மரக்கறி லொறிகள் வந்து, இரவோடிரவாகக் கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் திரும்புகின்றன. பூசணிக்காயும் போஞ்சியும் வாசலைத் தாண்டிப் போகிற ஊரில் பிள்ளையின் கையில் பிஸ்கட் இருப்பதை யோசித்தால் விசித்திரமாக இருக்கும். பிஸ்கட்டை அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. அதன் இரகசியம் அவ்வளவுதான்.

அப்படியானால் அடுப்பு வேலையை முதல் நாள் இரவுக்குத் தள்ளிவிட வேண்டும். சில வீடுகளில் இதைச் சத்தமில்லாமல் செய்கிறார்கள். இராச் சாப்பாடு முடிந்து சட்டி பானை கழுவும்போதே இரண்டு கைப்பிடி பாசிப்பயற்றைக் கழுவித் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். காலையில் அது இரண்டு பங்காக ஊதியிருக்கும். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில், ரொட்டி சுடும் அடுப்பின் மறுபக்கத்தில் வைத்தால் தலை பின்னி முடிவதற்குள் வெந்துவிடும். பெரியவர்களுக்குத் தேங்காய்ப்பூவும் கட்டச் சம்பலும். சின்னவனுக்கு மசித்து, கொஞ்சம் தேங்காய்ப்பாலும் ஒரு வாழைப்பழமும். ஒரே பானை, இரண்டு விதமான தட்டு. பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்கத் தொடங்குகிற வீட்டில் அந்த வழக்கம் ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை. பெரியவர்களின் பானையிலிருந்தே உறைப்பும் உப்பும் சேர்ப்பதற்கு முன் ஓர் அகப்பை எடுத்து வைக்கிற வீட்டில் அது வருஷக்கணக்கில் நடக்கிறது.

திங்கட்கிழமை பயறு என்றால் செவ்வாய்க்கிழமை ரொட்டி. தோட்டத்தில் ரொட்டியை ஒழித்துவிட்டு எந்தத் திட்டமும் போட முடியாது. தலைமுறை தலைமுறையாக வந்த சாப்பாடு அது. காலையில் சுட்டது மத்தியானம் மலையிலும் பசி தாங்கும். அதைக் குறை சொல்வதைவிட அதற்குள் எதையாவது ஒளித்து வைப்பது சுலபம். கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் குரக்கன் மா சேர்க்கலாம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது; அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120. லயத்து வாசலில் நிற்கும் முருங்கையில் ஒரு கொத்தை உருவி, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு பிசையலாம். மா கொஞ்சம் பச்சையாகத் தெரியும். "இது என்னம்மா புல்லு?" என்று மூத்தவள் முகம் சுளிப்பாள். இரண்டாம் வாரம் கேட்க மாட்டாள். நடுவில் ஒரு முட்டையை உடைத்துப் பரப்பிச் சுட்டுவிட்டால் சம்பல்கூட வேண்டியதில்லை.

புதன்கிழமைக் கஞ்சியில்தான் பல வீடுகள் தவறிவிடுகின்றன. கஞ்சி என்றாலே தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு. சின்னப் பிள்ளையின் இரைப்பை உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர்தான் பிடிக்கும். பத்துக் கிலோ பிள்ளைக்கு அது 300 மில்லிலீற்றர், ஒரு பெரிய கோப்பை. அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், பிள்ளை வளராது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஓடக்கூடாது. தயங்கித் தயங்கி விழ வேண்டும். குரக்கன் மாவையோ சிவப்பரிசி மாவையோ அப்படிக் கெட்டியாகக் காய்ச்சி, கட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி விட்டு, கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு கரைத்தால் போதும். அக்கம்பக்கத்துச் சிங்கள வீடுகளில் கொலகெந்த என்று காய்ச்சும் இலைக்கஞ்சியும் இதே இனந்தான்: சிவப்பரிசி, தேங்காய்ப்பால், வல்லாரைச் சாறு, கடித்துக்கொள்ளக் கருப்பட்டி. வல்லாரைச் சாற்றைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கூடக் கொதித்தால் பச்சை நிறம் மங்கிவிடும், பிள்ளை கண்ணாலேயே வேண்டாமென்று சொல்லிவிடும்.

மற்ற நாட்களுக்கு மரவள்ளியோ வற்றாளையோ அவியலாம். இரண்டிலும் மாச்சத்துத்தான் பெரும்பங்கு, புரதம் சொற்பம். அதனால் பக்கத்தில் நெத்தலிக் கருவாடு வேண்டும். முதல் நாள் இரவே பயற்றைப் போல அதையும் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, உப்பை இறக்கி, காலையில் வெங்காயத்தோடு வதக்கினால் முள்ளோடு நொறுக்கிக் கொடுக்கலாம். கல்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. நேற்றைய பருப்பு மிஞ்சியிருந்தால் அதையும் சோற்றையும் மசித்து, ஒரு சொட்டுத் தேசிக்காய் பிழிந்துவிடலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான பிள்ளை தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு உணவு வகைகளில் ஒரு நாளில் ஐந்தையாவது தொட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தானியமும் கிழங்கும், பருப்பும் கடலையும், பாற்பொருள், மீனும் இறைச்சியும், முட்டை, மஞ்சளும் பச்சையுமான காய்கீரை, மற்றக் காய்பழம் என்று தாய் விரல் மடக்கி எண்ணுகிறாள். ரொட்டியும் சாயத்தண்ணியும் என்றால் தாய்ப்பாலைச் சேர்த்தும் இரண்டைத் தாண்டாது. முட்டையும் முருங்கையிலையும் ஒரு துண்டுப் பப்பாசியும் சேர்ந்தால் நான்கு, சில நாள் ஐந்து.

சாயத்தண்ணியைப் பற்றித் தோட்டத்தில் பேசுவது சங்கடமான விஷயம். தேயிலையால் வாழ்கிற இடத்தில், குழந்தைக்குத் தேத்தண்ணி கொடுக்காதே என்றால் மாமியார் முகம் வாடும். "இவங்கப்பனையும் நான் சாயத்தண்ணி குடுத்துத்தானே வளத்தேன்" என்பார் அப்பாயி. அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. ஆனால் தேயிலையின் துவர்ப்பைத் தருகிற பொருட்கள் கீரையிலும் பயற்றிலும் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஒட்டவிடாமல் செய்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பயற்றின் பயன் ஒரு கோப்பை சாயத்தில் போய்விடுகிறது. கொய்யா, தோடம்பழம், தேசிக்காய் போன்ற பழங்கள் அதற்கு நேர்மாறு; இரும்பு சேர உதவுகின்றன. கெட்டிக்கார மருமகள் சண்டை பிடிப்பதில்லை. கோப்பையில் சுடுதண்ணீரும் கொஞ்சம் பாலும் ஊற்றி, நிறம் மாறும் அளவுக்கு மட்டும் சாயம் விட்டுக் கொடுக்கிறாள். அதுவும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. அப்பாயிக்கும் மனக்குறையில்லை.

காலைச் சாப்பாட்டின் மறுபாதி பிள்ளைக்காம்பராவில் நடக்கிறது. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கிய பழைய மடுவங்கள் பல இடங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகிவிட்டன. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு வாய்க்கு மேல் வாங்காத பிள்ளை அங்கே பத்துப் பேரோடு உட்கார்ந்தால் தட்டை வழித்துவிடுகிறது. பக்கத்துப் பிள்ளையின் தட்டைவிட நல்ல தொட்டுக்கறி எதுவுமில்லை. தாய் டப்பாவில் கட்டிக் கொடுக்கும் பயறும் ரொட்டித் துண்டும் அங்கே போய்த்தான் காலியாகின்றன. ஒன்றை மட்டும் ஆயாமார் விடாமல் சொல்கிறார்கள்: முழுக் கச்சானையும் கடலையையும் சின்னதுகளுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், தொண்டையில் சிக்கும், இடித்தோ அரைத்தோ அனுப்புங்கள்.

பிறகு திரிபோஷ. சோளம், சோயா, பால்மா சேர்த்து 1973 முதல் கிளினிக் வழியாகக் கர்ப்பிணிகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கப்படும் மா. 750 கிராம் பைக்கற், நாளுக்கு 50 கிராம். ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நாள். ஆனால் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் லயத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஐந்தே நாளில் பை காலி. ஒரு பிள்ளைக்கு மட்டும் உருண்டை பிடித்து மற்றதைப் பார்க்க வைக்க எந்தத் தாயாலும் முடியாது. பதிவேட்டுக் கோடு ஏன் ஏறவில்லை என்பதற்குப் பல வீடுகளில் இதுவும் ஒரு பதில்.

இரவே யோசித்து வைப்பது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாரும் அந்தத் தாயிடம் சொல்லத் துணிய மாட்டார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அன்றைக்கு ஊறப்போடப் பயறே இல்லாத இரவுகள் இருந்தன. 2021 இல் 1,000 ரூபாயான நாட்சம்பளம் 2024 இல் 1,350 ஆனது. முட்டையும் பருப்பும் அதற்குள்தான் வர வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் பள்ளிக்கூட உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தபோது மூத்தவளின் பங்கு கொஞ்சம் இலேசானது. ஆனால் உயரத்தைத் தீர்மானிக்கிற முதல் ஆயிரம் நாட்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வருமுன்பே முடிந்துவிடுகின்றன. அந்த நாட்களின் சமையல்காரி கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கிறாள்.

இரவு எட்டு மணி. சட்டிகள் கழுவியாயிற்று. சின்னவன் இடுப்பில் தொங்கிக்கொண்டு, "நான் போடுறேன்ம்மா" என்று அடம்பிடிக்கிறான். தாய் பயற்றுப் போத்தலைக் கொஞ்சம் சாய்க்கிறாள். அவன் பிஞ்சுக் கையில் அள்ளிய பயற்றில் பாதி பானையிலும் பாதி தரையிலும் விழுகிறது. இருவருமாகக் குனிந்து சிமெந்துத் தரையில் பச்சை மணிகளைப் பொறுக்குகிறார்கள். கழுவி, தண்ணீர் விட்டு, மூடியும் போட்டாயிற்று. படுக்கப் போனவன் இரண்டு நிமிடத்தில் எழுந்து வந்து மூடியைத் தூக்கிப் பார்க்கிறான்.

"இன்னும் பெருசாகலியே."

"விடியட்டும் தம்பி, படு."

மூடியை ஒருபக்கமாக வைத்துவிட்டு ஓடுகிறான். அவள் அதை நேராக்கி, மேலே ஒரு கல்லை வைக்கிறாள். லயத்தில் பூனைத் தொல்லை.