சிறு செலவில் ஒரு திருநாள்

குழந்தைகளுக்கு விளையாட்டு உணவைப் போன்றே இன்றியமையாதது. உழைத்துக் களைத்த பெற்றோருக்கும் தம் மக்களுடன் மனம்விட்டு மகிழ ஒரு நாள் வேண்டும். ஆயினும், பெறும் ஊதியத்தை வாடகை, அரிசி, மருந்து, பள்ளிச் செலவு எனப் பகுத்து வாழும் குடும்பங்களில் அத்தகைய நாள் எளிதில் வாய்ப்பதில்லை. துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளில் வாழ்வோர் பலர் இந்நிலையினரே. துறைமுகத்தை அடுத்த சிறு பட்டறையொன்றில் வாரக்கூலிக்குக் கணக்கெழுதும் நானும் அவர்களுள் ஒருவன்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஏழு வயதுடைய என் மகள் ஒரு செய்தியுடன் வீடு திரும்பினாள். அவளுடன் பயிலும் சிறுமி ஒருத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றிற்குச் சென்று வந்தாளாம். “அப்பா, நாம் எப்போது போவோம்?” என்று அவள் கேட்டாள். நான்கு வயதுத் தம்பியும் அவளுடன் சேர்ந்துகொண்டான். பட்டறையில் உடன் பணிபுரியும் நண்பர், “குழந்தைகளின் ஆசைதானே! கடன் வாங்கியேனும் அழைத்துச் செல்லுங்கள்” என்றார். ஒரு நாள் மகிழ்ச்சிக்காக ஆறு திங்கள் வட்டி கட்டுவதா? ஏதேனும் ஒரு சாக்குக் கூறிக் குழந்தைகளை ஏமாற்றுவதா? இரண்டிற்கும் என் மனம் இசையவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டா என்று நானும் என் மனைவியும் ஆராயத் தொடங்கினோம்.

இத்தகைய பூங்காக்களின் வரலாறு எங்களுக்கு ஒரு வழியைக் காட்டிற்று. டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் நகரில் தீவொலி என்னும் பூங்கா 1843இல் திறக்கப்பெற்றது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் பெயரால் அமைத்த பூங்கா 1955இல் தொடங்கியது. தம் பெண்மக்கள் குடைராட்டினத்தில் சுற்ற, தாம் ஓர் இருக்கையில் வாளா அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த வேளையில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்னும் எண்ணம் பிறந்ததாக அவரே கூறியுள்ளார். அப்பூங்காவின் தொடக்கக் காலத்தில் நுழைவுக் கட்டணம் வேறு. ஒவ்வொரு விளையாட்டிற்கும் உரிய சீட்டு வேறு. 1982இல் அம்முறை நீங்கி, எல்லா விளையாட்டிற்கும் ஒரே கட்டணம் என்னும் முறை நிலைபெற்றது.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். சிறு குழந்தைகளை உடைய பெற்றோர்க்கோ இதுவே முதன்மையானது. ஒரே கட்டணப் பூங்கா, நாள் முழுதும் எல்லா விளையாட்டுகளிலும் ஏறி இறங்கும் இளைஞர்க்கு ஏற்றது. சிறு குழந்தைகளோ பெரிய ஊர்திகளில் ஏற இயலாது. பாதுகாப்புக் கருதி அவற்றிற்குக் குறைந்த அளவு உயரம் வகுத்திருப்பர். எங்கள் வீட்டு நிலைக்கதவின் ஓரத்தில் குழந்தைகளை நிறுத்தி, சுண்ணக்கட்டியால் கோடிட்டு அளந்தேன். மகள் 118 சென்டிமீட்டர், மகன் 101. பெரிய பூங்காவிற்குச் சென்றால், ஏற இயலாத ஊர்திகளுக்கும் சேர்த்தே நாங்கள் பணம் செலுத்த நேரும் என்பதை அக்கோடுகள் உணர்த்தின.

ஆகவே, விளையாட்டிற்கேற்பத் தனித்தனியே கட்டணம் பெறும் இடத்தைத் தேர்ந்தோம். அது கூவம் ஆறு சூழ்ந்த தீவுத்திடல். அங்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொங்கலை ஒட்டிய திங்கள்களில் பொருட்காட்சி நடத்துவது வழக்கம். அரசுத் துறைகளின் அரங்குகளை நுழைவுக் கட்டணத்திலேயே காணலாம். இராட்டினங்களுக்கு மட்டும் தனியே பணம் தரவேண்டும்.

பின்பு வாரம் 150 ரூபாயாகப் பத்து வாரம் சேர்த்தோம். 1,500 ரூபாய் ஆயிற்று. பயணத்திற்கும் நுழைவிற்கும் 400, விளையாட்டிற்கு 600, உணவிற்கு 200, எதிர்பாராச் செலவிற்கு 300 என ஒரு தாளில் எழுதினோம். அத்தாளைக் குழந்தைகளிடம் மறைக்கவில்லை. “விளையாட்டிற்கு உனக்கு 300, தம்பிக்கு 300. எதில் ஏறுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அது தீர்ந்தால் விளையாட்டும் தீர்ந்தது” என்றேன். மகள் தாளை வாங்கி இருமுறை கூட்டிப் பார்த்து, கணக்குச் சரி என்றாள்.

காணும் பொங்கலன்று கூட்டம் மிகும் என்பதால் அந்நாளைத் தவிர்த்து, வேறொரு வேலை நாளில் புறப்பட்டோம். நண்பகலில் குழந்தைகளை உறங்கச் செய்தோம். உறக்கம் குன்றிய குழந்தைக்கு எவ்விளையாட்டும் இனிக்காதன்றோ? புளிச்சோறும் அவித்த கடலையும் நீரும் எடுத்துக்கொண்டோம். என் தொலைபேசி எண்ணை எழுதிய சீட்டு ஒன்றைக் குழந்தைகளின் சட்டைப்பையில் வைத்தோம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 2021இல் மெட்ரோ தொடர்வண்டியும் விம்கோ நகர் வரை நீண்டது. திருவொற்றியூரில் ஏறினோம். வீட்டுக் கூரைகளுக்கு மேலே சென்ற வண்டி, தண்டையார்பேட்டையை அணுகும்போது சரிந்து நிலத்தினுள் புகுந்தது. மகன் கைகொட்டி ஆர்ப்பரித்தான். அவனுக்கு முதல் விளையாட்டு அங்கேயே தொடங்கிவிட்டது. அரசினர் தோட்ட நிலையத்தில் இறங்கித் திடலை அடைந்தோம். எண்ணூரிலிருந்து வருவோர்க்குப் புறநகர்த் தொடர்வண்டி உண்டு. அதில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு அரைக்கட்டணமே.

திடலில் பெரிய இராட்டினத்தின் முன் மகள் நெடுநேரம் அண்ணாந்து நின்றாள். அதற்குரிய கட்டணம் அவளிடமிருந்த தொகையில் பாதியை விழுங்கிவிடும். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே எண்ணிப் பார்த்து, “இது அடுத்த ஆண்டு” என்று கூறி, சிறிய விளையாட்டுகள் நான்கினைத் தேர்ந்தாள். மகனோ தன் பங்கு தீர்ந்தபின் மற்றொரு முறை சிறு தொடர்வண்டியில் ஏறவேண்டும் என்று அழுதான். திட்டம் அழுகையை அறவே ஒழித்துவிடும் என்று நான் கூறேன். ஆனால், அன்று அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை, பொய்யும் சொல்லவில்லை. என் மனைவி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மீன்வளத்துறை அரங்கிற்குள் சென்றாள். வண்ண மீன்களைக் கண்டதும் அழுகை தணிந்தது.

வறுமையைக் காட்டிலும் குழந்தையின் மனத்தை வாட்டுவது, காரணம் கூறப்படாத மறுப்பு. பலர் நடுவே, விளையாட்டின் வாயிலில் நின்று, “நமக்கு முடியாது” என்று தந்தை கூறக் கேட்கும் பிள்ளை, தன் குடும்பத்தை எண்ணி நாணுகிறது. அதே வரம்பை வீட்டில் அமர்ந்து முன்னரே பகிர்ந்துகொண்டால், பிள்ளை அக்குடும்பத்தின் பொறுப்பில் பங்கு பெறுகிறது. தன் கையில் உள்ளதைக் கொண்டு தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, தொகை சிறிதாயினும், பெருமிதம் தருகிறது. இதுவே நாங்கள் தேடிய மூன்றாவது வழி.

மறுநாள் காலை, எஞ்சிய 210 ரூபாயை மகள் ஒரு பழைய தகரப் பெட்டியில் இட்டு, அதன்மேல் “பெரிய இராட்டினம்” என்று எழுதி வைத்தாள்.